எஸ்க்யூஎல் வினவலில் வார எண்ணைப் பிழையின்றிக் கையாளுவது எப்படி?

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் பதிவுகளை வாரவாரியாகக் கூட்டிக் காட்ட வேண்டும் என்றதும், தேதியிலிருந்து ஆண்டையும் வார எண்ணையும் தனித்தனியே எடுத்து, அவ்விரண்டையும் வைத்துக் குழுவாக்கிவிடலாம் என்றே தொடக்கநிலையில் எல்லோருக்கும் தோன்றும். அந்த வினவல் ஆண்டின் பெரும்பகுதிக்குச் சரியான விடையையே தரும் என்பதுதான் தொல்லை. டிசம்பரின் கடைசி நாள்களிலும் ஜனவரியின் முதல் நாள்களிலும் மட்டும் அது தடுமாறும். அதற்குள் அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். கீழே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியுள்ளேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான வடிவிலேயே இட வேண்டும்.

படி 1: வாரத்தின் வரையறையை முடிவு செய்யுங்கள்

தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601இன்படி வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். ஆகையால் ஜனவரி 4 எப்போதும் முதல் வாரத்துக்குள்ளேயே இருக்கும். வியாழன் வாரத்தின் நடுநாள் என்பதால், அது விழும் ஆண்டிலேயே அந்த வாரத்தின் பெரும்பகுதியும் விழுகிறது. ஏழு நாள்களும் அந்த ஆண்டின் கணக்கிலேயே சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு கணக்கிட்டால் ஓர் ஆண்டுக்கு 52 அல்லது 53 முழு வாரங்கள் அமையும். 400 ஆண்டுச் சுழற்சியில் 71 ஆண்டுகளுக்கு 53 வாரங்கள் உண்டு. 2020, 2026 ஆகியவை அவற்றுள் அடங்கும்.

படி 2: வார எண்ணை அதற்குரிய ஆண்டோடு மட்டும் சேருங்கள்

2021 ஜனவரி 1 ஒரு வெள்ளிக்கிழமை. ஐஎஸ்ஓ கணக்கில் அது 2020ஆம் ஆண்டின் 53ஆம் வாரம். நாள்காட்டி ஆண்டையும் ஐஎஸ்ஓ வார எண்ணையும் கலந்து குழுவாக்கினால், அந்த நாளின் பதிவுகள் '2021, வாரம் 53' என்ற இல்லாத வாரத்தில் போய் விழுந்து, பட்டியலில் 2021 டிசம்பருக்கும் பின்னால் நிற்கும். இது கண்ணில் பட்டுவிடும் பிழை. மறுபக்கத்துப் பிழை இதைவிட மோசமானது. 2024 டிசம்பர் 30, 31 ஆகிய நாள்கள் 2025இன் முதல் வாரத்தைச் சேர்ந்தவை. கலந்து குழுவாக்கும்போது அவை '2024, வாரம் 1' என்று பெயர் பெற்று, அவ்வாண்டு ஜனவரி 1 முதல் 7 வரையிலான வாரத்துடன் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்பது நாள்களின் கூட்டுத்தொகை ஒரு வாரத்துக்குரியதாகக் காட்டப்படும். எண் சற்றுப் பெரிதாக இருப்பதைத் தவிர வேறு எந்த அறிகுறியும் இராது.

இதைத் தவிர்க்கும் வழி ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளிலும் வேறுபடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் எக்ஸ்ட்ராக்ட் கட்டளையில் 'வீக்' என்பதோடு 'இயர்' அல்ல, 'ஐஎஸ்ஓஇயர்' என்பதையே பயன்படுத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் வீக் செயற்கூறு, வேறு முறை எதையும் குறிப்பிடாவிட்டால், ஞாயிறில் தொடங்கும் வாரத்தைக் கணக்கிடுகிறது. 2021 ஜனவரி 1க்கு அது 0 என்ற விடையைத் தரும். அங்கே இயர்வீக் செயற்கூறுக்கு இரண்டாவது மதிப்பாக 3 கொடுத்தால் 202053 என்று ஆண்டும் வாரமும் இணைந்தே கிடைக்கும். ஆரக்கிளில் 'டபிள்யூடபிள்யூ' என்ற வடிவக்குறி ஜனவரி 1 முதல் ஏழேழு நாள்களாக எண்ணுவது; நமக்கு வேண்டியது 'ஐடபிள்யூ', அதனுடன் 'ஐஒய்ஒய்ஒய்'. எஸ்க்யூலைட்டில் இதற்கான குறிகள் 2024இல் வெளிவந்த 3.46 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் டேட்பார்ட் செயற்கூறு 'ஐஎஸ்ஓ_வீக்' என்பதை ஏற்கிறது. ஆனால் அதற்குரிய ஆண்டைத் தரும் பகுதி அதில் இல்லை. 26இலிருந்து வார எண்ணைக் கழித்து, கிடைக்கும் எண்ணிக்கையிலான நாள்களைத் தேதியுடன் கூட்டினால் அது ஆண்டின் நடுப்பகுதிக்கு நகராவிட்டாலும், ஆண்டெல்லையிலிருந்து உரிய பக்கத்துக்கு விலகிவிடும். அந்தத் தேதியின் ஆண்டே நாம் தேடுவது. 2021 ஜனவரி 1க்கு 26 - 53 = -27 நாள்கள்; தேதி 2020 டிசம்பர் 5க்குப் போகிறது.

படி 3: முடிந்தால் திங்கட்கிழமையையே குழுவின் திறவுகோலாக்குங்கள்

என் பரிந்துரை இதுதான்: வார எண்ணைத் திரையில் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கையெல்லாம் அந்த வாரத்துத் திங்கட்கிழமையின் தேதியைக் கொண்டே நடத்துங்கள். தேதி என்பதால் வரிசை தானாகவே சரியாக அமையும். முந்தைய வாரம் வேண்டுமானால் ஏழு நாள்களைக் கழித்தால் போதும். 202101இலிருந்து ஒன்றைக் கழித்தால் 202100 என்ற பொருளற்ற எண்தான் கிடைக்கும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் டேட்_ட்ரங்க் கட்டளைக்கு 'வீக்' என்று கொடுத்தால் திங்கள் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் வீக்டே செயற்கூறு திங்களுக்கு 0 தருவதால், அது தரும் எண்ணை நாள்களாகத் தேதியிலிருந்து கழிக்கலாம். எஸ்க்யூலைட்டில் 'வீக்டே 0' என்று ஞாயிறுக்கு முன்னேறி, அங்கிருந்து ஆறு நாள்கள் பின்னால் வர வேண்டும். நேரமுத்திரை உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள்; இல்லாவிட்டால் திங்கள் அதிகாலைப் பதிவுகள் முந்தைய வாரத்துக்கோ, ஞாயிறு இரவுப் பதிவுகள் அடுத்த வாரத்துக்கோ தாவிவிடும்.

படி 4: வார எண்ணிலிருந்து தேதிக்குத் திரும்புங்கள்

அந்த ஆண்டின் ஜனவரி 4ஐ எடுத்து, அது அமைந்த வாரத்தின் திங்களைக் கண்டறிந்து, வார எண்ணில் ஒன்று குறைத்து ஏழால் பெருக்கிய நாள்களைக் கூட்டுங்கள். 2026இன் 10ஆம் வாரத்துக்கு: ஜனவரி 4 ஞாயிறு, அதன் திங்கள் 2025 டிசம்பர் 29, அதனுடன் 63 நாள்களைக் கூட்டினால் 2026 மார்ச் 2.

பதிவுகளை வடிகட்டும் 'வேர்' என்ற கட்டளையின் நிபந்தனையில் தேதி நெடுவரிசையைச் செயற்கூறுக்குள் அடைக்காமல், இந்தத் திங்களுக்குச் சமமாகவோ பிறகோ, அடுத்த திங்களுக்கு முன்பு என்று எழுதுங்கள். அப்போதுதான் அந்த நெடுவரிசையின் இண்டெக்ஸ், அதாவது பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை, பயன்படும். ஞாயிறு இரவு 11.59க்குப் பிந்தைய நொடிகளும் விடுபடா.

படி 5: எல்லைத் தேதிகளைக் கொண்டு சோதியுங்கள்

2021 ஜனவரி 3க்கு 2020, வாரம் 53 என்றும், மறுநாளுக்கு 2021, வாரம் 1 என்றும் வர வேண்டும். 2024 டிசம்பர் 29க்கு 2024, வாரம் 52. டிசம்பர் 30க்கு 2025, வாரம் 1. இந்த நான்கில் ஒன்று பிசகினாலும், வினவலில் நாள்காட்டி ஆண்டு எங்கே நுழைந்திருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள்.