பிஸ்டலில் ரெட் டாட்: டயலைத் தொடும் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள்

போன வாரம் சுடுதளத்தில் ஒரு புதியவர் என்னிடம் வந்து, "சார், டயல் திருகுற குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கா? டாட் கொஞ்சம் வலது பக்கம் போயிடுச்சு" என்றார். பிஸ்டல் மேல் பொருத்தி, லென்ஸில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கில் வைத்துச் சுடும் ரெட் டாட் சைட்டைச் சொல்கிறார். புள்ளியை நகர்த்துவது அதிலிருக்கும் டயல். எப்போது கடைசியாகச் சரிசெய்தீர்கள் என்று கேட்டேன். "காலையில." அதற்கு முன்? "நேத்து." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அதே குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் அலைந்தேன். அந்த அலைச்சலுக்குக் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது.

சைட்டை ஆன் செய்ய மறப்பது, பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, லென்ஸ் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே சுடுவது, இவற்றைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு தடவை செய்து அசடு வழிந்தால் போதும், மறுபடி வராது. செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்யும் தவறுகள்தான் காசைக் கரைக்கின்றன.

ஆடும் சைட்டுக்கு ஜீரோ பார்ப்பது

ரெட் டாட் ரொம்ப எளிய பொருள். பின்னாலிருக்கும் ஒரு குட்டி எல்இடி லென்ஸ் மேல் ஒளி வீசும், லென்ஸின் பூச்சு அந்தச் சிவப்பைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். அவ்வளவுதான். அசையும் பாகம் என்று பார்த்தால் ஜீரோ வைக்கும், அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும், இரண்டு டயல்கள்தான், அவையும் சாமானியமாகத் தானாக நகராது. அதனால் நேற்று நடுவில் விழுந்த குண்டு இன்று வலதுபக்கம் விழுகிறதென்றால், முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படலாம், அடுத்து சைட் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சந்தேகப்படலாம். டயலைச் சந்தேகப்படுவது கடைசி. புதியவர்கள் தொடங்குவதே அந்தக் கடைசியில்தான். காய்ச்சல் வந்தவனை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருப்பது மாதிரி.

ஸ்லைடு மேல், அதாவது பிஸ்டலின் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின் மேல், சைட்டைப் பொருத்தினால் அது என்ன பாடு படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து மோதி நிற்கும். ஸ்பிரிங் தள்ள முன்னால் ஓடி மறுபடி மோதி நிற்கும். ஒரு தோட்டாவுக்கு இரண்டு மோதல். பயிற்சியில் 200 தோட்டா சுட்டால் 400 சம்மட்டி அடி. 1990இல் அமெரிக்க வீரர் டக் கோனிக் ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) உலகப் போட்டியை ரெட் டாட் பொருத்திய பிஸ்டலால் வென்றார். அந்தக் காலத்துப் போட்டித் துப்பாக்கிகளில் சைட், ஓடாத கீழ்ப்பாகமான ஃபிரேமில் கட்டிய தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும், ஸ்லைடு அதற்குக் கீழே ஓடும். சைட்டுக்கு வருவது கையில் வரும் உதைப்பு மட்டும்தான். இன்று நாம் அதே பொருளை ஓடுகிற ஸ்லைடின் முதுகிலேயே ஏற்றிவிட்டோம். பிடித்திருப்பது இரண்டு குட்டி ஸ்க்ரூ. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மியும் இல்லை, முப்பது நாற்பது கிராம்.

எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தள்ளி விழும்? ஒரு கணக்கு. சைட்டின் அடிப்பாகம் சுமார் 4 செ.மீ. நீளம். அதன் ஒரு முனைக்குக் கீழே 0.1 மி.மீ. இடைவெளி, அதாவது ஒரு காகிதத்தின் தடிமன். 25 மீட்டரில் அது 6 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டும். கண்ணால் பார்த்தாலும் கையால் அசைத்தாலும் தெரியாத அளவு, குறித்தாளில் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இப்போது என் கதை. அன்று ஒரு போட்டி. முதல் நாள் மாலையே டாட் கொஞ்சம் இடதுபக்கம் போயிருந்தது. சைட்டின் மேலே தெரியும் இரண்டு ஸ்க்ரூவிலும் பெயிண்ட் கோடு போட்டு வைத்திருந்தேன், ஸ்க்ரூ சுழன்றிருந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கோடு முடியளவும் விலகவில்லை. சரி, சைட் உறுதியாக இருக்கிறது என்று முடிவு கட்டி டயலைத் திருகினேன். மறுநாள் காலை மறுபடி திருகினேன். மூன்றாவது சுற்றுக்கு முன் மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்து "ஆ, சரியாகிவிட்டது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது சுற்றில் சைட், அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே இருந்த பிளேட் என்ற தட்டோடு சேர்ந்து கழன்று என் காதோரம் பறந்துபோய் சிமெண்ட் தரையில் விழுந்தது.

நான் பார்க்காமல் விட்டது என்ன தெரியுமா? பிளேட் வைத்துப் பொருத்தும் அமைப்பில் இரண்டு ஜோடி ஸ்க்ரூ உண்டு. மேலே இருப்பது சைட்டைப் பிளேட்டோடு பிடிக்கிறது. பிளேட்டை ஸ்லைடோடு பிடிக்கும் ஜோடி, பல அமைப்புகளில் சைட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நான் கோடு போட்டது மேல் ஜோடிக்கு. கழன்றது கீழ் ஜோடி. ஒன்று வெளியே வந்துவிட்டது, மற்றது தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. லென்ஸின் மூலையில் விரிசல். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, முறிந்த ஸ்க்ரூவை நானே சாதாரண டிரில் பிட்டால் எடுக்கப் பார்த்து ஸ்லைடின் மரையையும் கெடுத்தேன். புது சைட், ஸ்லைடுக்குப் புது மரை, பாதி சீசன். எல்லாம் பத்து நிமிட வேலையைச் செய்யாததால்.

ஸ்க்ரூ ஏன் முறிந்தது என்று பிறகு யோசித்தேன். சைட்டைப் பின்னும் முன்னும் ஓடாமல் தடுக்க வேண்டியது பிளேட்டின் பொருத்தமும் அதிலிருக்கும் முளைகளும். ஸ்க்ரூவின் வேலை இறுக்கி அழுத்திப் பிடிப்பது மட்டும். அழுத்தம் போய்விட்டால் ஒவ்வொரு அடியும் ஸ்க்ரூவின் கழுத்தில் குறுக்கே விழுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது போலத்தான். டயலைத் திருகித் திருகி நான் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் அந்தக் கம்பியை ஒரு தடவை வளைத்திருக்கிறது.

முன்னறிகுறி இருந்தது. குறித்தாளில் குண்டுகள் ஒரே கூட்டமாக விழாமல் இரண்டு கூட்டமாக விழுந்தன. ஆடும் சைட் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் மாறி மாறி உட்காரும், அதனால் இரண்டு கொத்து. நான் அதை விசை இழுக்கும் பிழை என்று நினைத்து இரண்டின் நடுவில் ஜீரோ வைத்தேன். எழுதும்போதே கோபம் வருகிறது.

சுடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சைட் சன்னல் வழியாக இரும்புச் சைட்டும் (ஸ்லைடில் இருக்கும் சாதாரண முன், பின் குறிமுனைகள்) தெரிகிற மாதிரி இருந்தால், ஜீரோ வைத்த அன்றே இரும்புச் சைட்டை நேராக வைத்து, டாட் அதன்மேல் எங்கே உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்முனையின் தலையில், அல்லது சற்று இடப்பக்கம், எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அது பிறகு மாறினால், டயலைத் தொடாதபோது, ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. இன்னொன்று: தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்து ஸ்லைடைக் கழற்றி, பிளேட்டும் ஸ்லைடும் சேரும் விளிம்பில் ஒரு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு, சைட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் திரவம் உள்ளே போய் வெளியே வந்து குமிழிடும்.

எண்ணெய் மரையில் பசை

என் ஸ்க்ரூ கழன்றதற்கு மூல காரணம் இது. புது ஸ்லைடுக்குள் துரு வராமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அந்த எண்ணெய் மரைத் துளையில் இருக்கும்போதே த்ரெட்லாக்கரை, அதாவது ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையை, போட்டேன். பசை உலோகத்தில் பிடிக்கவில்லை, எண்ணெயில் மிதந்தது. துளை, ஸ்க்ரூ இரண்டையும் ஆல்கஹாலோ அசிட்டோனோ வைத்துத் துடைத்து உலரவிட்ட பிறகுதான் பசை. நீல நிறம் போதும். சிவப்பைப் போட்டால் கழற்றும்போது நன்றாகச் சூடுகாட்ட வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் சைட்டின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சிறு துளி மட்டும். வழிந்தோடும் அளவுக்கு ஊற்றினால் அது எல்இடி மேலும் பேட்டரி முனை மேலும் போய் உட்காரும்.

இந்தப் பசை காற்றில் உலராது. காற்று இல்லாத இடத்தில், உலோகத்தோடு ஒட்டி இருக்கும்போதுதான் இறுகும். முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். மதியம் பொருத்தி மாலை சுடக் கிளம்பும் ஆளை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

கை அளவு இறுக்கம்

டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர், அதாவது இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்க்ரூடிரைவர், வாங்குங்கள். பல சைட்டுகளுக்குச் சொல்லும் அளவு 12 முதல் 15 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர். உங்கள் சைட்டின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. நல்ல பலமுள்ள கை எல்-சாவியால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஸ்க்ரூ இழுபட்டு மெலிந்துவிடும், அன்றைக்குத் தெரியாது.

ஸ்க்ரூவின் நீளம்

குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். நெடியதாக இருந்தால் வேறு வம்பு. சில பிஸ்டல்களில் வலப்பக்கத் துளைக்கு நேர் கீழே, காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் கம்பியின் பாதை போகிறது. ஸ்க்ரூவின் முனை அதில் இடித்தால் காலித் தோட்டா சரியாக வெளியே வராது. ஆட்கள் மேகசினை மாற்றுவார்கள், தோட்டாவை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், சைட் ஸ்க்ரூ மட்டும் நினைவுக்கே வராது. அதோடு, நெடிய ஸ்க்ரூ துளையின் அடியில் முட்டி நின்றால் டார்க் ஸ்க்ரூடிரைவர் "இறுகிவிட்டது" என்று பொய் சொல்லும், சைட் ஆடிக்கொண்டே இருக்கும்.

50,000 மணி நேரத்தை நம்புவது

பேட்டரி 50,000 மணி நேரம் ஓடும் என்று சைட்டின் அட்டையில் போட்டிருக்கும். அதை நாளாக்கி, வருடமாக்கிப் பார்த்தால் ஐந்தரை வருடத்துக்கு மேல் வரும். அட்டையில் அச்சடித்த அந்த எண் நடுத்தர வெளிச்சத்துக்கானது. வெயிலில் தெரிய வேண்டுமென்று உச்சத்தில் வைத்தால் கணக்கு தலைகீழ். வருடம் ஒருமுறை, நினைவில் நிற்கும் ஒரு தேதியில் மாற்றிவிடுங்கள். சில சைட்டுகளில் பேட்டரி அடியில் இருக்கும், சைட்டையே கழற்றினால்தான் மாற்ற முடியும். அந்த வேலைக்குச் சோம்பித்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கழற்றினால் மறுபடி துடைத்து, புதுப் பசை போட்டு, ஜீரோவைச் சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

டாட் மினுக்கினால் முதலில் பேட்டரி முனையைத் துடைத்துப் பாருங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய நாணயப் பேட்டரிகள் இப்போது வருகின்றன. சில சாதனங்களில் அந்தப் பூச்சு மின்தொடர்பைத் தடுக்கும். பூச்சு இல்லாததைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சைட்டைத் திட்டலாம்.

"டாட் உடைந்திருக்கிறது"

ஒருவர் இரண்டு சைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதோடு வந்தார். டாட் வால் நட்சத்திரம் மாதிரி தெரிகிறதாம். போன் கேமராவை லென்ஸ் முன் பிடிக்கச் சொன்னேன். படத்தில் உருண்டையான புள்ளி. கோளாறு அவர் கண்ணில், அஸ்டிக்மாட்டிசம். தலையைச் சாய்த்தால் வாலும் கூடவே சாய்ந்தால் சைட் மேல் பழியில்லை. வெளிச்சத்தைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம்

வேண்டாம்.

திறந்த சைட்டில் ஒரு துளி தண்ணீர்

பின்பக்கம் திறந்த வகையில் எல்இடிக்கும் லென்ஸுக்கும் நடுவே வெறும் காற்றுதான். அங்கே ஒரு மழைத்துளி உட்கார்ந்தால் டாட் சிதறிப் பல புள்ளியாகும், உறையின் பஞ்சு உட்கார்ந்தால் டாட்டே இருக்காது. மூடிய வகை இதற்குத் தீர்வு, ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதால் பனி படிய இரண்டு இடம். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் போனால் எந்த வகையானாலும் மங்கும். இரும்புச் சைட்டைக் கழற்றிப் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

சைட்டைப் பிடித்து ஸ்லைடை இழுப்பது

இதைப் பார்த்து அலறுகிறவர்கள் உண்டு. ஒரு நாளில் 400 சம்மட்டி அடி தாங்குவது உங்கள் கையையும் தாங்கும். லென்ஸில் கைரேகை படும், அவ்வளவுதான்.

அந்தப் புதியவரின் சைட்டைக் கழற்றினோம். கீழே இருந்த இரண்டு ஸ்க்ரூவும் விரலாலேயே சுழன்றன, மரையில் எண்ணெய் பளபளத்தது. துடைத்து, பசை வைத்து, அளவாக இறுக்கிக் கொடுத்தேன். "இப்ப ஜீரோ வச்சிரலாமா சார்?" என்றார். நாளைக்கு இதே நேரம் வரச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையை மூடினார்.