லேபிளில் 100 கிராம், தராசில் 92

சோப்பை அச்சிலிருந்து எடுத்து வெட்டியதுமே எடை போட்டு, நிகர எடை 100 கிராம் என்று லேபிள் அடித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் சமையலறைத் தராசில் வைத்துப் படம் அனுப்பினார்: 92. ஏமாற்று வேலை இல்லை. எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காஸ்டிக் சோடாவைக் கரைத்த தண்ணீர் உலர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் லேபிளில் போட்ட எடைக்குப் பொறுப்பு நான்தானே?

அடுத்த பேட்சில் ஐந்து கட்டிகளில் குச்சியால் எண் கீறி, வாரம் ஒருமுறை எடை பார்த்தேன். முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கியது. ஆறாவது வாரத்தில் மெதுவானதே தவிர, நிற்கவில்லை. சரி என்று இப்போது 115 கிராமாக வெட்டி, ஆறு வாரம் கழித்து மறுபடி எடை பார்த்தே பேக் செய்கிறேன். லேபிளில் அதே 100தான். தேதியோடு பேட்ச் எண்ணும் நோட்டில் ஏறுகிறது.