மே விடுமுறையில் உளவியல் ஆய்வா? இப்போதே எழுதுங்கள்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ உளவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. மே முதல் ஆகஸ்ட் தொடக்கம்வரை நீளும் விடுமுறையில் பேராசிரியருடன் ஆய்வு செய்ய ஆசையென்றால், தேர்வு முடியட்டும் என்று இருக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே மின்னஞ்சல் போய்ச் சேரட்டும்.

காரணம் இதுதான்: மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். திருத்தம் கேட்டால் இன்னும் இழுக்கும். புதிய ஆய்வைக் கையிலெடுத்தால் பாதி விடுமுறை படிவம் நிரப்புவதிலேயே போய்விடும். ஆகவே, ஏற்கெனவே ஒப்புதல் பெற்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் சேர முடியுமா என்று கேளுங்கள். அதிலும் உங்கள் பெயரை ஆய்வுக் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும். ‘சிட்டி’ இணையவழி நெறிமுறைப் பயிற்சியை முன்கூட்டியே முடித்து வைத்தால் அந்த வேலை சட்டென முடியும்.

மின்னஞ்சலில் “சின்ன வயதிலிருந்தே மனித மனம் பற்றி ஆர்வம்” வேண்டாமே, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்! பேராசிரியருடைய அண்மைக் கட்டுரையைப் படித்து எழுந்த ஒரு கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணிநேரம் தர முடியும், எந்த மென்பொருள் தெரியும்: இவ்வளவு போதும். ‘ஆர்’, ‘ஜமோவி’ என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

தமிழ் சரளமாக வருமா? அதையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். இருமொழிக் குழந்தைகள், முதியோர் நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளில் தமிழ்க் குடும்பங்களிடம் பேச ஆள் தேடுவார்கள்.

சம்பளமா, கிரெடிட்டா, அனுபவம் மட்டும்தானா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.