எஸ்ஏ, பிஏ, எஸ்பி, ஐபி: ஏஏசிஎஸ்பி ஆய்வுக்கு ஆசிரியர்களை வகைப்படுத்துவது எப்படி

மேலாண்மைக் கல்லூரிகளுக்குச் சர்வதேச அங்கீகாரம் வழங்கும் அமைப்பு ஏஏசிஎஸ்பி. அதன் அங்கீகாரம் கேட்கும் கல்லூரி, தன் ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் எஸ்ஏ, பிஏ, எஸ்பி, ஐபி, ஏ என்ற ஐந்து வகைகளில் ஏதாவது ஒன்றில் வைத்துக் காட்ட வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர் ஒரு பக்கம், பெறாதவர் மறுபக்கம் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். கோணல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பட்டம் வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே எந்த வகையில் உட்காருவார் என்பதை, கடந்த ஐந்தாண்டுகளில் அவர் என்ன செய்தார், அதற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்விகள் தீர்மானிக்கின்றன.

இங்கே சொல்வது 2020 தரநிலைகளில் மூன்றாவது தரநிலையை ஒட்டியது. 2003 பதிப்பில் ஏக்யூ (கல்வித் தகுதி பெற்றவர்), பிக்யூ (தொழில் தகுதி பெற்றவர்) என்று இரண்டு தகுதி வகைகள் மட்டுமே இருந்தன. 2013இல்தான் அவை நான்காக விரிந்தன. பழைய கோப்பில் ஏக்யூ என்றிருப்பதை எஸ்ஏ என்றும், பிக்யூ என்றிருப்பதை ஐபி என்றும் பெயர் மாற்றி ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் புதிதாகத்தான் எடைபோட வேண்டும். உங்கள் ஆய்வு எந்தப் பதிப்பின்படி நடக்கப்போகிறது என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு கேள்வி, நான்கு கட்டம்

முதல் கேள்வி தொடக்கத் தகுதி பற்றியது. பாடம் நடத்தும் துறையில் ஆராய்ச்சி முனைவர் பட்டம் இருக்கிறதா? இல்லையென்றால், முதுகலைப் பட்டமும், பணியில் சேரும்போது கால அளவிலும் பொறுப்பிலும் கணிசமான தொழில் அனுபவமும் இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வி தொடர் ஈடுபாடு பற்றியது: அவர் இப்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்வது ஆராய்ச்சி வழியாகவா, தொழில்துறை வழியாகவா?

முனைவர் பட்டமும் ஆராய்ச்சியும் சேர்ந்தால் ஸ்காலர்லி அகாடமிக், அதாவது எஸ்ஏ. முனைவர் பட்டத்தோடு தொழில்துறை ஈடுபாடு சேர்ந்தால் பிராக்டிஸ் அகாடமிக், பிஏ. முதுகலையும் அனுபவமும் உள்ளவர் கட்டுரை எழுதினால் ஸ்காலர்லி பிராக்டிஷனர், எஸ்பி. அதே பின்னணியோடு தொழில்துறைத் தொடர்பைத் தக்கவைத்திருப்பவர் இன்ஸ்ட்ரக்‌ஷனல் பிராக்டிஷனர், ஐபி. இந்த நான்கிலும் அடங்காதவர் அடிஷனல், ஏ. 2013 பதிப்பில் இந்தக் கடைசி வகைக்கு ‘அதர்’ என்று பெயர். ஏ வகையில் இருப்பவர் மோசமான ஆசிரியர் என்று பொருளில்லை. கல்லூரியே எழுதிவைத்த அளவுகோலை அவரது கோப்பு எட்டவில்லை, அவ்வளவுதான். இதை ஆசிரியர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

அதிகம் நடக்கும் தவறு பிஏ கட்டத்தில்தான். கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்ட எஸ்ஏக்களை நிறுத்திவைக்கும் இடமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆராய்ச்சி இல்லாததால் யாரும் பிஏ ஆகிவிட மாட்டார். கணிசமான ஆலோசனைப் பணி, நிறுவன இயக்குநர் குழுவில் இடம், நிர்வாகிகளுக்கான பயிற்சித் திட்டங்களை வடிவமைத்து நடத்துவது, தொழில்துறைக்கான அறிக்கைகள் என்று ஏதாவது ஒன்று தேதியோடும் ஆவணத்தோடும் இருக்க வேண்டும். கல்லூரியின் வேலைவாய்ப்புக் குழுவில் இருப்பதும், தொழிற்சாலைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போவதும் இதில் சேராது. இரண்டுமே இல்லாதவர் ஏ.

தொடக்கத் தகுதியில் வரும் சிக்கல்கள்

முனைவர் பட்டம் கிடைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் வரை ஒருவர் எஸ்ஏவாகவே கருதப்படுவார். ஆய்வேடு மட்டும் பாக்கியிருக்கும் நிலையை எட்டிய முனைவர் பட்ட மாணவருக்கு அந்தச் சலுகை மூன்றாண்டுகள். இந்தச் சலுகைதான் பிறகு பொறியாகவும் மாறும். ஒரே ஆண்டில் நான்கு பேரைப் புதிதாகச் சேர்த்த துறையில், ஆறாவது ஆண்டில் நான்கு பேரும் ஒன்றாகத் தகுதி இழக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் ஒவ்வொருவரின் பட்டத் தேதியையும் ஆண்டோடு நிறுத்தாமல், மாதத்தோடு பதிவுசெய்யுங்கள்.

பட்டம் வேறு துறை, பாடம் வேறு துறை என்றால் கதவு மூடிவிடவில்லை. பொருளாதார முனைவர் நிதி மேலாண்மை எடுப்பதில் பெரிய கேள்வி எழாது. இயற்பியல் முனைவர் அதே பாடத்தை எடுத்தால் எழும். பட்டம் பாடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு, பாடத்துறையில் அவர் செய்த பணியின் ஆதாரம் கனமாக இருக்க வேண்டும். வணிகச் சட்டம் நடத்துபவருக்குச் சட்டத்தில் மேற்பட்டமும், வரிவிதிப்பு நடத்துபவருக்கு அத்துறையில் மேற்பட்டமும் தொடக்கத் தகுதியாக ஏற்கப்படுகின்றன. முதுகலைப் பட்டமே இல்லாத மூத்த தொழில் நிபுணரையும் எஸ்பியாகவோ ஐபியாகவோ காட்ட வழியுண்டு. அது அரிதான விதிவிலக்காக இருக்க வேண்டும். அவரது அனுபவத்தின் ஆழமும் காலமும் சிக்கலும் பட்டக் குறையை ஏன் ஈடுகட்டுகின்றன என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும்.

அளவுகோலை எழுதுவது

எத்தனை கட்டுரை எழுதினால் எஸ்ஏ என்று ஏஏசிஎஸ்பி எண் சொல்வதில்லை. கல்லூரி தன் நோக்கத்துக்கு ஏற்ப எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தினார்களா என்பதை ஆய்வுக்குழு பார்க்கும். முனைவர் படிப்பு நடத்தும் கல்லூரியும், இளங்கலை மட்டும் நடத்தும் கல்லூரியும் ஒரே அளவுகோல் வைத்திருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

“தொடர்ந்து ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும்” என்று எழுதினால் யாரையும் அளக்க முடியாது. “கடந்த ஐந்தாண்டுகளில் சக மதிப்பாய்வு நடந்த இதழ்களில் குறைந்தது இரண்டு கட்டுரை, கூடவே நூல், மாநாட்டுக் கட்டுரை, ஆய்விதழ் ஆசிரியர் பொறுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று” என்றால் அளக்கலாம். எண்ணிக்கை உங்கள் விருப்பம். ஆனால் கீழ்வரும் நான்கையும் முடிவுசெய்யாமல் அளவுகோலை நிர்வாகக் குழுவில் வைக்க வேண்டாம்.

- கட்டுரையின் தேதி எது: ஏற்கப்பட்ட நாளா, இணையத்தில் வந்த நாளா, இதழ் வெளிவந்த நாளா? இதை முடிவுசெய்யாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டு ஐந்தாண்டுச் சுற்றிலும் எண்ணப்படும்.
- இதழின் தரத்தை எதை வைத்துப் பார்ப்பது: ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரித் தலைவர்கள் அமைப்பின் ஏபிடிசி இதழ்ப் பட்டியலா, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளமா, கல்லூரியின் சொந்தப் பட்டியலா? காசு வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் போடும் இதழ்களை எப்படி விலக்குவது என்பதும் இதிலேயே வர வேண்டும்.
- முதல்வர், துணை முதல்வர், துறைத்தலைவர் போன்றோருக்குத் தனி அளவுகோல் உண்டா? உண்டென்றால் பதவி முடிந்தபின் எத்தனை ஆண்டு வரை?
- ஐபிக்கு ஆலோசனைப் பணி என்றால் குறைந்தது எத்தனை நாள், யார் கொடுத்த சான்று?

எல்லோரும் தேறும்படி அளவுகோலைத் தளர்த்தி எழுதும் ஆசை வரும். பிஏ பக்கம் ஒரே ஒரு கருத்தரங்கில் கலந்துகொண்டால் போதும் என்று எழுதிய கல்லூரிக்கு, அட்டவணையில் நூறு சதவீதம் வரும்; ஆய்வுக்குழுவின் முதல் கேள்வியும் அதைப் பற்றியே வரும்.

சதவீதக் கணக்கு

மொத்த ஆசிரியர் வளத்தில் எஸ்ஏ 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஏ தவிர்த்த நான்கு வகைகளும் சேர்ந்து 90 சதவீதமாவது இருக்க வேண்டும். கல்லூரி முழுமைக்கும் பார்ப்பார்கள், துறைவாரியாகவும் பார்ப்பார்கள். இது தலை எண்ணும் கணக்கு இல்லை. ஒவ்வொருவரும் கல்லூரியின் நோக்கத்துக்குக் கொடுக்கும் நேரத்தின் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். முழுநேரப் பணியாளர் 100. பகுதிநேரத்தவருக்கு எவ்வளவு என்பதற்குக் கல்லூரி ஒரு தர்க்கம் வைத்து, அதை எழுதியும் வைக்க வேண்டும்.

ஒரு நிதித் துறையை எடுத்துக்கொள்வோம். பாடம் மட்டுமே நடத்தும் முழுநேர ஆசிரியரின் ஆண்டுச் சுமை எட்டுப் பாடம். எனவே ஒரு பாடம் 12.5 சதவீதம்.

- அ: முனைவர், ஐந்தாண்டில் மூன்று கட்டுரை, முழுநேரம். எஸ்ஏ 100
- ஆ: முனைவர், கட்டுரை இல்லை, ஆலோசனைப் பணிக்குச் சான்று உண்டு. பிஏ 100
- இ: இரண்டாண்டுக்கு முன் முனைவர் பட்டம். எஸ்ஏ 100
- ஈ: முதுகலை, வங்கிக் கருவூலத் தலைவராக இருந்தவர், ஈடுபாடு தொடர்கிறது. ஐபி 100
- உ: தொழிலில் இருந்தபடி ஒரு பாடம். ஐபி 12.5
- ஊ: ஓய்வுபெற்றவர், புதுப்பித்தல் எதுவும் இல்லை, இரண்டு பாடம். ஏ 25

மொத்தம் 437.5. எஸ்ஏ 200, அதாவது 45.7 சதவீதம். நான்கு வகையும் சேர்ந்து 412.5, அதாவது 94.3 சதவீதம். இரண்டும் தேறின. தலையை எண்ணியிருந்தால் எஸ்ஏ ஆறில் இரண்டு, 33.3 சதவீதம், தகுதி பெற்றவர் ஆறில் ஐந்து, 83.3 சதவீதம். இரண்டிலும் தோல்வி என்று பதறியிருப்பீர்கள்.

இப்போது அ-வின் கட்டுரைகள் ஐந்தாண்டு வரம்பைத் தாண்டிப் போய், அவர் ஏ வகைக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஏ 22.9 சதவீதம், மொத்தத் தகுதி 71.4 சதவீதம். சிறிய துறையில் ஒரே ஒருவர் நழுவினால் இவ்வளவு சரிவு. பகுதிநேர ஆசிரியர்களை மாற்றி இதைச் சரிக்கட்டவே முடியாது. ஊ-வை முழுமையாக நீக்கினாலும் மொத்தத் தகுதி 75.8 சதவீதத்தைத் தாண்டாது.

ஒருவர் ஒரு வகையில் மட்டுமே வருவார். பாதி எஸ்ஏ பாதி ஐபி என்று பிரிக்க முடியாது. இரண்டு துறைகளில் பாடம் எடுப்பவரின் நேரத்தைத் துறைகளுக்கிடையே பிரிக்கலாம், கூட்டுத்தொகை 100ஐத் தாண்டக் கூடாது.

பங்கேற்பவர், துணைநிற்பவர்

இது தனிக் கணக்கு. தகுதி வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாடத்திட்டக் குழு, மாணவர் வழிகாட்டல், நிர்வாகம் என்று வகுப்பறைக்கு வெளியேயும் கல்லூரி வாழ்வில் இருப்பவர் பங்கேற்பவர். வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகிறவர் துணைநிற்பவர். முழுநேரம் என்பதாலேயே ஒருவர் பங்கேற்பவர் ஆகிவிடுவதில்லை. கற்பித்தலில் பங்கேற்பவர்களின் பங்கு கல்லூரி அளவில் 75 சதவீதமும், துறை அளவில் 60 சதவீதமும் இருக்க வேண்டும்.

கற்பித்தலை எதைக் கொண்டு அளப்பது என்பதைக் கல்லூரியே தேர்ந்தெடுக்கலாம்: பாடங்கள், கிரெடிட், வகுப்பு நேரம், மாணவர்-கிரெடிட் (கிரெடிட்டை வகுப்பின் மாணவர் எண்ணிக்கையால் பெருக்கியது). மேலே சொன்ன துறையில் அ, ஆ, இ, ஈ நால்வரும் பங்கேற்பவர்கள்; முறையே 12, 18, 12, 24 கிரெடிட் எடுக்கிறார்கள். உ, ஊ இருவரும் துணைநிற்பவர்கள்: உ 3, ஊ 6. கிரெடிட் கணக்கில் பங்கேற்பவர் பங்கு 75க்கு 66, அதாவது 88 சதவீதம். ஆனால் மற்ற வகுப்புகளில் 30 பேர், ஊ-வின் வகுப்புகளில் மட்டும் 120 பேர் என்றால், மாணவர்-கிரெடிட் கணக்கில் அது 71 சதவீதமாக இறங்கும். எந்த அளவையானாலும் எல்லாத் துறைக்கும் ஒன்றையே வையுங்கள். பெரிய வகுப்புகளைத் துணைநிற்பவர்களிடம் தள்ளியிருந்தால், சாதகமான அளவை அதை மறைக்காது. ஆய்வுக்குழு மாணவர்களிடமும் பேசும்.

அட்டவணையும் கோப்பும்

ஏஏசிஎஸ்பிக்கு நிரப்பித் தர வேண்டிய அட்டவணை 3-1இல் பெயர், முதல் நியமனத் தேதி, உயர்ந்த பட்டமும் ஆண்டும், பொறுப்புகள், நேரச் சதவீதம் ஆகியவற்றோடு, தகுதிக்கான அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு பத்தி உண்டு. அதிகம் சொதப்புவது அந்தப் பத்தியில்தான். “ஆராய்ச்சியில் சிறந்தவர்” என்று எழுதாதீர்கள். “முனைவர் 2011, ஐந்தாண்டில் சக மதிப்பாய்வுக் கட்டுரை 3, இதழ் ஆசிரியர் குழு 1” என்று, அளவுகோலின் சொற்களிலேயே எழுதுங்கள். நடுவில் சேர்ந்தவர், விலகியவர் பற்றிய விதிகள் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கின்றன. நிரப்பும் முன் படித்துவிடுங்கள். அட்டவணை 3-2 எந்தப் படிப்பில் எந்த வகையினர் கற்பிக்கிறார்கள் என்பதைக் காட்டும். அதற்குத் தனி வரம்பு எண் இல்லை. ஆனால் எஸ்ஏக்கள் எல்லாம் பகல் வகுப்பில், மாலை நேர எம்பிஏ முழுக்க ஏ வகையினரிடம் என்றால் அது பார்த்தவுடன் கண்ணில் படும்.

தற்குறிப்பும் அட்டவணையும் முரண்படுவதுதான் கடைசி நேரத் தலைவலி. ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் பக்கம், ஆலோசனைப் பணிக்கு நிறுவனத்தின் கடிதம், பட்டச் சான்று ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வாங்கி வையுங்கள். வகைப்படுத்தும் முதல் கையைத் துறைத்தலைவரும், சரிபார்க்கும் இரண்டாம் கையை வேறு துறையைச் சேர்ந்தவரும் வைத்திருப்பது நல்லது. சொந்தத் துறையை யாரும் கறாராக அளப்பதில்லை.

ஒத்திகைக் கணக்கை ஆய்வுக்கு இரண்டாண்டு முன்பே போட்டுப் பாருங்கள். கட்டுரை அனுப்பி, திருத்தி, வெளிவர ஓராண்டுக்கு மேல் பிடிப்பது சாதாரணம். ஆறு மாதத்தில் எஸ்ஏவை உருவாக்க முடியாது. அடுத்த 24 மாதத்தில் யாருடைய எந்தக் கட்டுரை வரம்பைத் தாண்டுகிறது என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால், எந்தத் துறை எப்போது 40க்குக் கீழே போகும் என்பது முன்பே தெரிந்துவிடும். அதன்பிறகும் ஒரு துறை குறைந்து நின்றால் எண்ணை வளைக்க வேண்டாம். தரநிலையில் இந்த வரம்புகள் “வழக்கமாக” என்ற சொல்லோடுதான் வருகின்றன. விலகலுக்கு விளக்கம் சொல்ல இடமுண்டு. அத்துறையில் கற்றல் தரம் குறையவில்லை என்பதற்கான சான்று, யார் எந்தத் தேதிக்குள் எந்த வகைக்குத் திரும்புவார் என்ற திட்டம், அதுவரை அவர்களது பாடச்சுமையில் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் அட்டவணைக்கு அடுத்த பக்கத்திலேயே வையுங்கள். குறையை ஆய்வுக்குழு கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.