ஒத்திகையைக் கடைசி வரிசையில் இருந்து கேளுங்கள்

கோயில் பஜனைக்கோ கலைவிழாவுக்கோ பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கிறீர்களா? போனை மேடையில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். மண்டபத்தின் கடைசிக் கதிரையில் வையுங்கள். கிட்ட இருக்கிற வாத்தியத்தைத்தான் போன் பெரிதாகப் பிடிக்கும். சபை கேட்பது அதுவல்ல.

பிறகு எல்லோரும் சேர்ந்து அதைக் கேளுங்கள், முதல் தரம் சுருதிக்கு மட்டும். அடுத்த தரம் தாளம். சரணத்தில் இருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில்தான் குழு பெரும்பாலும் தாளத்தை முந்தி ஓடும். அந்த இரண்டு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) மட்டும் பாதி வேகத்தில், கையில் தாளம் போட்டுப் பாடுங்கள். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடினால் பிழைதான் பழகும். "நல்லா இருக்கு" என்பதை நான் கருத்தாக எடுப்பதில்லை. எந்த வரி, எந்த வாத்தியம் என்று சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரக்காற்று மிருதங்கத் தோலைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிடும். வாசிக்கிறவர் அரை மணித்தியாலம் முந்தி வந்து, பாடும் இடத்திலேயே சுருதி சேர்க்கட்டும்.

ஒலி ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர்தான் போகும். தூரத்தில் நிற்பவருக்குத் தாளம் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். ஆகவே தாளம் போடுபவரை ஓரத்தில் விடாமல், பாடகர்களுக்கு நடுவில் இருத்துங்கள்.