மீன் பண்ணைக்கு லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி

பண்ணை பண்ணையா தனித்தனியா பாத்து அனுமதி குடுக்காதீங்க, தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான், தண்ணிக்குள்ள மீன் வளக்கற ஒரு வலைக் கூண்டுல நோய் வந்தா பக்கத்து கூண்டுக்கும் போயிடும். மொதல்ல அந்த ஏரியோ கடல் பகுதியோ மொத்தமா எவ்ளோ தாங்கும்னு கணக்கு போடுங்க, மிச்ச தீவனம், மீன் கழிவுல வர்ற நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் சேத்து. அதுக்கு மேல ஒரு கூண்டு கூட வேணாம். ஒரே பகுதில இருக்கறவங்க சேந்து குஞ்சு விட்டு, சேந்து அறுவடை பண்ணி, கொஞ்ச நாள் காலியா போடணும், அப்பதான் நோய் அடங்கும்.

ஆக்சிஜன் அளவு, அடிமண் சாம்பிள், மருந்து கணக்கு எல்லாத்தையும் வெளிப்படையா போட வைங்க.

அங்க ஏற்கனவே வலை போடறவங்ககிட்ட அனுமதிக்கு முன்னாடியே பேசுங்க, குடுத்தப்புறம் கேக்கறதெல்லாம் சும்மா கண்துடைப்பு. படகு வழிய மேப்லயே குறிச்சிடுங்க.