ஆபீஸ் ஐபி போன் மக்கர் செய்தால் எங்கே தேடுவது?

நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி போன் தகராறு செய்ததும் எல்லோரும் முதலில் செய்வது போனையும் ரவுட்டரையும் அணைத்துப் போடுவது. தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். பல நேரம் சரியாகிவிடும்தான். ஆனால் காரணம் பிடிபடாமல் போய், இரண்டு நாளில் அதே கோளாறு திரும்பி வரும். அணைப்பதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு போனில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? உள்ளுக்குள் எக்ஸ்டென்ஷன் போட்டுப் பேசும்போதும் வருகிறதா, வெளி அழைப்பில் மட்டுமா? அழைப்பு எத்தனையாவது விநாடியில் கெடுகிறது?

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஓர் அழைப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு. மணியடிக்க வைப்பதும் இணைப்பைத் துண்டிப்பதும் எஸ்ஐபி என்ற நெறிமுறை. அது போவது வழக்கமாக 5060 போர்ட் (சேவையை அடையாளம் காட்டும் எண்), என்கிரிப்ஷன் என்ற மறையாக்கம் இருந்தால் 5061. குரலைச் சுமப்பது ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறை. அது யூடிபியில் (பாக்கெட் என்ற தரவுத் துண்டு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வேறு போர்ட்களில் போகும், ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் ஓடும் போன் சர்வர்களில் பெரும்பாலும் 10000 முதல் 20000 வரை. மணி அடித்தும் குரல் வரவில்லை என்றால் ஆர்டிபி பாதையில்தான் முதலில் தேட வேண்டும்.

படி 1: மின்சாரமும் கேபிளும்

திரையே எரியவில்லை என்றால், நன்றாக வேலை செய்யும் போன் இருக்கும் கேபிள் துளையில் (இதையும் போர்ட் என்பார்கள்) இதைச் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் பழைய போர்ட் அல்லது கேபிள், எரியாவிட்டால் போன். 802.3ஏஎஃப் வகை பிஓஇ போர்ட் (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தருவது) 15.4 வாட் வரை தரும், ஆனால் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சின் மொத்த வாட் அளவு எல்லாப் போர்ட்டுக்கும் போதாமல் இருக்கலாம். அப்போது புதிதாகச் செருகிய போன்கள் மட்டும் உயிர் பெறாது.

போனின் பின்னால் இரண்டு சாக்கெட் இருக்கும். சுவரிலிருந்து வரும் கேபிள் நெட்வொர்க் சாக்கெட்டுக்கு, கம்ப்யூட்டர் மற்றதற்கு. இரண்டையுமே சுவரில் செருகிவிட்டால் லூப் உண்டாகி, அதாவது தரவு சுற்றிச் சுற்றி வந்து, ஆபீஸ் நெட்வொர்க்கே படுத்துவிடக்கூடும்.

படி 2: ஐபி முகவரி

போன் மெனுவில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறங்கள். 169.254 என்று தொடங்கினாலோ 0.0.0.0 என்று இருந்தாலோ முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து மேஜை போனின் முகவரி வேறு வரிசையில் இருந்தால், இந்தப் போன் தவறான விலேனில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறது; ஸ்விட்ச் போர்ட்டில் வாய்ஸ் விலேன் அமைப்பைப் பாருங்கள்.

படி 3: ரெஜிஸ்ட்ரேஷன்

போன் தன்னை சர்வரில் பதிவுசெய்துகொள்வதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். நிகழ்வுக் குறிப்பான லாகில் 401 என்று கண்டதும் பதற வேண்டாம். முதல் கோரிக்கைக்கு சர்வர் 401 சொல்வதும், போன் பாஸ்வேர்ட் ஆதாரத்தோடு மறுபடி கேட்டு 200 (சரி என்ற பதில்) வாங்குவதும்தான் இயல்பான நடைமுறை. 401 திரும்பத் திரும்ப வந்தால்தான் பாஸ்வேர்ட் தப்பு. 403 என்றால் சர்வர் மறுக்கிறது. 404 என்றால் அந்த எக்ஸ்டென்ஷன் அங்கே இல்லை. பதிலே வராமல் 408 என்றால் வழியில் ஏதோ தடுக்கிறது, நெட்வொர்க் காவலான ஃபயர்வாலைப் பாருங்கள்.

எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் விழுந்தால் இதையும் சந்தேகியுங்கள்: பழைய பாஸ்வேர்டுடன் ஒரு மூலையில் கிடக்கும் ஒற்றைப் போன் விடாமல் முயன்று, சர்வரின் பாதுகாப்பு ஆபீஸின் பப்ளிக் ஐபியையே (இணையத்தில் ஆபீஸைக் காட்டும் முகவரி) தடைசெய்திருக்கலாம். தடையை மட்டும் நீக்கினால் போதாது, அந்தப் போனையும் கண்டுபிடிக்க வேண்டும். 5061 வழியாக இணையும் போனாக இருந்தால் அதன் கடிகாரத்தையும் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழ் சோதனை தோற்கும்.

படி 4: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். போன் அழைக்கும்போது "உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒரு வரி எழுதி அனுப்பும். அதில் 192.168.1.45 போன்ற உள் முகவரி இருந்தால், எதிர்முனை அந்த முகவரிக்கே அனுப்பும். இணையத்தில் அது எங்கும் போய்ச் சேராது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்கு வராது.

முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை (எஸ்ஐபி செய்தியில் உள்ள முகவரியைத் திருத்துவது) அணையுங்கள். உதவத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பல ரவுட்டர்களில் அது பாக்கெட்டைத் தவறாகத் திருத்திக் கெடுக்கிறது. சர்வர் ஆபீஸுக்குள் இருந்தால், அதில் பப்ளிக் ஐபி சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டிபி போர்ட் வரிசை முழுவதும் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும்.

படி 5: கடிகாரத்தைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிப்பது

அழைப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 32 விநாடியில் துண்டாகிறதா? அழைப்பை எடுத்த பக்கம் "எடுத்துவிட்டேன்" என்று 200 அனுப்பி, அதற்கு ஏசிகே என்ற ஒப்புதலுக்குக் காத்திருக்கும். அடிப்படை இடைவெளி 500 மில்லிவிநாடி. அதன் 64 மடங்கு, அதாவது 32 விநாடி வரை மறுபடி மறுபடி அனுப்பிவிட்டு, ஒப்புதல் வராததால் துண்டிக்கும். லைன் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏசிகே வழிதவறுகிறது, மறுபடி படி 4-க்குப் போங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் செஷன் டைமரை (அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் அமைப்பு) பாருங்கள். 1800 விநாடி என்று வைத்தால் பாதியில், 900-வது விநாடியில், புதுப்பிக்கும் செய்தி போகும். அதுதான் எங்கோ மாட்டுகிறது.

நாம் அழைத்தால் போகிறது, சும்மா கிடந்த போனுக்கு வெளியிலிருந்து வருவதில்லை என்றால் ரவுட்டர் யூடிபி இணைப்பை மறந்துவிட்டது. போனில் கீப் அலைவை (இணைப்பை நினைவூட்டும் சிறு செய்தி) 20–30 விநாடிக்கு வையுங்கள்.

படி 6: குரல் வெட்டி வெட்டி வருகிறது

ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட். பத்து பேர் பேசினால் 870. நம் குரல்தான் அவர்களுக்கு வெட்டுகிறது என்றால் அப்லோட் பக்கம் நெரிசல். யாராவது பெரிய கோப்பு ஏற்றும்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். முதலில் ரவுட்டருக்கு, பிறகு சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள். ரவுட்டருக்கே பாக்கெட் இழப்பு இருந்தால் கோளாறு ஆபீஸுக்குள், பெரும்பாலும் கேபிள் அல்லது வைஃபை. இழப்பு 1 சதவீதத்துக்குள், ஜிட்டர் (பாக்கெட்கள் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவிநாடிக்குள், ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு நன்றாக இருக்கும். குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி கொடுத்து, ரவுட்டரில் அப்லோட் வேகத்தை உண்மை வேகத்தில் 90 சதவீதமாகக் கட்டுங்கள். அப்போதுதான் வரிசை ரவுட்டரிலேயே உருவாகி, முன்னுரிமை பலிக்கும்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், போனின் வெப் பக்கத்திலோ ஸ்விட்சின் மிரர் போர்ட்டிலோ (வேறு போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தருவது) பாக்கெட் கேப்சர், அதாவது பாக்கெட்களின் பதிவு, எடுத்து வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறங்கள். டெலிஃபோனி மெனுவில் அழைப்புகள் வரிசையாக வரும். சேவை நிறுவனத்துக்கு எழுதும்போது அழைத்த நேரம், இரு எண்கள், கால் ஐடி (அழைப்பின் அடையாளக் குறி) ஆகியவற்றோடு கேப்சரையும் சேர்த்து அனுப்புங்கள். என்கிரிப்ஷன் இல்லாத கேப்சரில் பேச்சையே திரும்பக் கேட்கலாம் என்பதால், சோதனை அழைப்பு ஒன்றைப் போட்டு அதை மட்டும் பதிவுசெய்யுங்கள்.